படலைக்கு வெளியே நிற்கும் பிள்ளைகள்

பள்ளிக்கூடம் முடிந்துவிட்டது, வேலை தொடங்கவில்லை. நடுவில் கரைந்துபோகும் அந்த இரண்டு மூன்று வருடங்களைப் பற்றிச் சண்டிலிப்பாயிலிருந்து ஒரு சிறப்புக் கட்டுரை

“இப்ப என்ன செய்யிறாய், தம்பி?”

கோயில் வீதியில், கடைவாசலில், கலியாண வீட்டில், செத்த வீட்டில் என்று பத்தொன்பது இருபது வயதுப் பிள்ளை எங்கே எதிர்ப்பட்டாலும் எங்கள் ஊர்களில் எழும் முதற் கேள்வி இது. கேட்பவர் அக்கறையோடுதான் கேட்கிறார். பிள்ளையின் பதில்தான் காலத்தோடு மாறிக்கொண்டு போகிறது. முதலில், “றிசல்ட் பாத்துக்கொண்டு இருக்கிறன்.” ஆறு மாதம் கழித்து, “வெட்டுப்புள்ளி வரட்டும் எண்டு இருக்கிறன்.” ஒரு வருடம் கழித்து, “ஒரு கோர்ஸ் செய்யிறன்.” அதற்குப் பிறகு கேள்வி கேட்பவர்கள் நிற்கும் வீதியையே விட்டு, ஒழுங்கையால் சுற்றிப் போகப் பழகிவிடுகிறான்.

யாழ்ப்பாணத்திலிருந்து ஆனைக்கோட்டை, மானிப்பாய் தாண்டிக் காரைநகர் நோக்கிப் போகும் வீதியில் இருக்கிறது சண்டிலிப்பாய். வலிகாமம் தென்மேற்குப் பிரதேச செயலகம் இங்கேதான். ஒரு பக்கம் சீரணி நாகபூஷணி அம்மன், இன்னொரு பக்கம் கல்வளைப் பிள்ளையார். மாரியில் வழுக்கையாறு இந்த வயல்களை நனைத்துக்கொண்டு கடலேரிக்குப் போகிறது. படிப்பென்றால் தோட்டத்தை ஈடு வைத்தாவது படிப்பிக்கும் ஊர். காலை ஐந்தரைக்கே ரியூசனுக்குப் போகும் சைக்கிள்களின் மணியோசையோடு விடிகிற ஊர்.

அதே ஊரில் வீடு கட்டத் தொடங்கியவர் மேசன் கிடைக்காமல் மாதக்கணக்கில் அலைகிறார். தண்ணீர்க் குழாய் வெடித்தால் ஆள் வந்து பார்க்க நாலு நாள் ஆகிறது. நல்ல ஓடாவியின் கையைப் பிடிக்கச் சிபாரிசு வேண்டியிருக்கிறது. வேலைக்கு ஆள் இல்லை என்று ஒரு குரல், ஆளுக்கு வேலை இல்லை என்று இன்னொரு குரல். இரண்டும் ஒரே ஒழுங்கையிலிருந்து வருகின்றன; இரண்டும் உண்மை. இந்த இரண்டு உண்மைகளும் ஏன் ஒன்றையொன்று சந்திக்கவில்லை என்பதைத்தான் நாங்கள் கேட்டாக வேண்டும்.

காத்திருப்பே தொழிலாக

இலங்கையின் மொத்த வேலையின்மை கடந்த சில வருடங்களாக ஐந்து வீதத்தை ஒட்டியே நிற்கிறது. அந்தக் கணக்கைப் பார்த்தால் பெரிய சிக்கல் எதுவும் இல்லை என்றே தோன்றும். ஆனால் 15 முதல் 24 வயது வரை உள்ளவர்களை மட்டும் பிரித்தெடுத்துப் பார்த்தால், வேலை தேடுகிறவர்களில் ஐந்து பேருக்கு ஒருவருக்கு மேல் வேலை இல்லை. நாட்டின் வேலையின்மை என்பது பெருமளவுக்குப் பள்ளிக்கூடம் விட்டு வந்த பிள்ளைகளின் வேலையின்மைதான்.

இந்தக் காத்திருப்பில் பெரும்பகுதியை உண்டாக்கிக் கொடுத்தவர்கள் பெரியவர்களாகிய நாங்கள். 2021ஆம் ஆண்டுக்குரிய உயர்தரப் பரீட்சை 2022 பெப்ரவரியில்தான் தொடங்கியது. 2022ஆம் ஆண்டுக்குரியது 2023 ஜனவரிக்குத் தள்ளிப்போனது. விடைத்தாள் திருத்த வேண்டிய பல்கலைக்கழக விரிவுரையாளர்கள் வரிக்கு எதிரான போராட்டத்தில் இருந்தார்கள். பெறுபேறு வந்தபோது 2023 செப்டெம்பர் ஆகிவிட்டது. அதன் பிறகுதான் விண்ணப்பம், வெட்டுப்புள்ளி, பதிவு எல்லாம். கொரோனா, பொருளாதார நெருக்கடி, போராட்டம் என்று ஒவ்வொரு தாமதத்துக்கும் ஒரு காரணம் இருந்தது. பிள்ளையின் வயது மட்டும் எந்தக் காரணத்துக்காகவும் நிற்கவில்லை.

காத்திருந்தவர்களில் எத்தனை பேருக்குக் கதவு திறந்தது? 2022ஆம் ஆண்டுக்குரிய பரீட்சையில் நாடு முழுவதும் 160,000க்கும் மேற்பட்டோர் பல்கலைக்கழகம் போகத் தகுதி பெற்றார்கள். அரச பல்கலைக்கழகங்களில் வருடத்துக்குக் கிடைக்கும் இடங்களோ நாற்பதாயிரத்தைச் சற்றுத் தாண்டியவை. தகுதி பெற்ற நாலு பேரில் மூன்று பேருக்கு இடமில்லை. தகுதி பெறாதவர்களையும், சாதாரண தரத்தோடு நின்றவர்களையும் இந்தக் கணக்கில் நான் சேர்க்கவே இல்லை.

ஆக, எங்கள் பள்ளிக்கூடங்கள் பதின்மூன்று வருடமாகத் தயார்படுத்துவது நாலில் ஒன்றாகவும் இல்லாத ஒரு சிறு கூட்டத்தை. மற்றப் பிள்ளைகளிடம் பள்ளிக்கூடம் கடைசி நாளன்று, “நீ இனி இங்கே போ” என்று ஒரு திசையைக்கூடக் காட்டுவதில்லை. விடுகைப் பத்திரத்தைக் கொடுத்துப் படலையைச் சாத்திவிடுகிறது.

கோழி மேய்த்தாலும்…

“கோழி மேய்ச்சாலும் கோறணமேந்திலை மேய்க்கோணும்” என்பது யாழ்ப்பாணத்தில் பிறந்த எல்லோர் காதிலும் விழுந்த பழமொழி. இதைச் சொல்லி எங்கள் ஆட்களைக் குறை சொல்வது எளிது. அது பிறந்த மண்ணையும் பார்க்க வேண்டும். வருடம் முழுவதும் ஓடும் ஆறில்லாத, கனிவளம் குறைந்த, சுண்ணாம்புக் கல்லின் மேல் ஒரு முழம் மண் கொண்ட குடாநாடு இது. பத்தொன்பதாம் நூற்றாண்டில் மிஷன் பள்ளிக்கூடங்கள் ஆங்கிலம் சொல்லிக் கொடுத்தன. அந்த ஆங்கிலம் கொழும்புக் கந்தோருக்கும், மலாயாவின் புகையிரதப் பகுதிக்கும், தபால் நிலையத்துக்கும் பிள்ளைகளைக் கொண்டுபோனது. அங்கிருந்து வந்த காசுக் கட்டளையில் கல்வீடு எழுந்தது, தங்கச்சிக்குச் சீதனம் சேர்ந்தது, பென்சன் வந்தது. உத்தியோகம் ஒரு குடும்பத்தை மூன்று தலைமுறைக்குக் காப்பாற்றும் என்பதை எங்கள் பாட்டன்மார் கண்ணால் கண்டார்கள். வீண் பெருமையாலே அவர்கள் அதைப் பிடித்துக்கொள்ளவில்லை.

சிக்கல் வந்தது உத்தியோகம் சுருங்கி, நம்பிக்கை மட்டும் சுருங்காமல் நின்றபோது. 1971 ஏப்ரலில் தெற்கில் படித்த இளைஞர்களின் கிளர்ச்சி வெடித்தது. அதே ஆண்டு பொருளியலாளர் டட்லி சியர்ஸ் தலைமையில் சர்வதேசத் தொழில் அமைப்பின் குழு இலங்கைக்கு வந்து ஆராய்ந்தது. இருக்கும் வேலைகளுக்கும் படித்த பிள்ளை எதிர்பார்க்கும் வேலைக்கும் பொருத்தமில்லை என்பது அந்த அறிக்கையின் நடுநாடி. அதே காலத்தில்தான் பல்கலைக்கழக அனுமதியில் தரப்படுத்தல் வந்து, வடக்கின் பிள்ளைகளுக்குப் பல்கலைக்கழகக் கதவையும் பாதி சாத்தியது. அந்தக் கோபம் எங்கே போய் முடிந்தது என்பதை இந்த மண்ணில் யாருக்கும் விளக்க வேண்டியதில்லை. இளைஞரின் வேலையின்மையை அலட்சியம் செய்த நாடு அதற்குக் கொடுத்த விலை என்ன என்பதை வடக்கும் தெற்கும் தனித்தனியாக அறிந்திருக்கின்றன.

ஆனால் இதே எழுபதுகள் இன்னொன்றையும் காட்டின. 1970க்கும் 1977க்கும் இடையில் வெங்காயத்துக்கும் மிளகாய்க்கும் இறக்குமதித் தடை இருந்தது. விலை ஏறியது. வலிகாமத்துச் செம்மண் தோட்டங்களில் படித்த பிள்ளைகள் இறங்கினார்கள். வன்னியில் விசுவமடு, முத்தையன்கட்டுப் பக்கங்களில் இளைஞர்களுக்குக் காணி கொடுத்த திட்டங்களில் மிளகாய் போட்டவர்கள் தலைநிமிர்ந்தார்கள். இயந்திரம் பூட்டித் தண்ணீர் இறைத்து, லொறியில் ஏற்றி, வங்கியில் காசு போட்டு, கலியாணச் சந்தையிலும் மதிப்புப் பெற்றார்கள். 1977இல் பொருளாதாரம் திறந்துவிடப்பட்டபோது அந்த வருமானம் இடிந்தது. இதிலிருந்து நான் படிக்கும் பாடம் ஒன்று. எங்கள் பிள்ளைகள் கைத்தொழிலை வெறுத்துப் பிறந்தவர்கள் இல்லை. உழைப்புக்குக் காசும் மதிப்பும் கிடைத்த அந்த ஏழு வருடமும் அவர்கள் மண்ணில் நின்றார்கள்.

பள்ளிக்கூடத்திலும் ஒரு முயற்சி நடந்தது. 1972இல் வந்த கல்விச் சீர்திருத்தம், சுற்றாடலில் உள்ள தொழில்களைப் பிள்ளை நேரில் போய்ப் படிக்க வேண்டும் என்று தொழில்முன்னிலைப் பாடங்களைப் புகுத்தியது. பானை வனைபவரிடம், மீன்பிடிப்பவரிடம், தச்சுப் பட்டறையில் போய்ப் பார்த்து எழுதும் பாடம். ஆட்சி மாறியது, அந்தச் சீர்திருத்தத்தோடு அந்தப் பாடமும் போய்விட்டது. பிறகு போர். காங்கேசன்துறைச் சீமெந்துத் தொழிற்சாலையும் பரந்தன் இரசாயனத் தொழிற்சாலையும் மூடுண்டன. பயிலுநராகச் சேர்ந்து தொழிலாளியாகி, தொழிலாளியிலிருந்து மேற்பார்வையாளராக ஏறிய ஏணியே அவற்றோடு விழுந்தது. அச்சுவேலிக் கைத்தொழிற் பேட்டை 2014இல் மீண்டும் திறக்கப்பட்டது. ஆனாலும் ஒரு தலைமுறை முழுவதும் தொழிற்சாலைச் சங்கு ஊதும் சத்தத்தைக் கேளாமலே வளர்ந்துவிட்டது.

பயிற்சிக்குப் பஞ்சமில்லை

அரசாங்கம் ஒன்றுமே செய்யவில்லை என்று சொல்வது நியாயமாகாது. 1979ஆம் ஆண்டுச் சட்டத்தின் கீழ் வந்த தேசிய இளைஞர் சேவைகள் மன்றம் இருக்கிறது. தேசிய பயிலுநர் மற்றும் கைத்தொழிற் பயிற்சி அதிகாரசபை இருக்கிறது. கிராமத்துப் பிள்ளைகளுக்கென 1995இல் தொழிற்பயிற்சி அதிகாரசபை அமைக்கப்பட்டது. யாழ்ப்பாணத்தில் தொழில்நுட்பக் கல்லூரி இருக்கிறது. கிளிநொச்சி அறிவியல்நகரில் 2016 முதல் இலங்கை–ஜேர்மன் பயிற்சி நிறுவனம் இயங்குகிறது. வாகனம், மின்சாரம், கட்டடம், உணவுத் தொழில்நுட்பம் என்று தரமான பட்டறைகள் அங்கே இருக்கின்றன. உயர்தரத்தில் 2013 முதல் தொழில்நுட்பப் பிரிவு இருக்கிறது. சாதாரண தரத்தில் தவறிய பிள்ளையும் பள்ளிக்கூடத்திலேயே தொழிற்பாடம் படிக்கலாம் என்ற பதின்மூன்று வருட உத்தரவாதக் கல்வி 2017இல் தொடங்கியது.

இவை எல்லாவற்றையும் ஒரே ஏணியில் நிறுத்துவது தேசிய தொழில் தகைமை. என்.வி.கியூ. என்று எல்லோரும் சொல்வது இதைத்தான். ஏழு நிலைகள். நாலாம் நிலை வரை சான்றிதழ், ஐந்தும் ஆறும் டிப்ளோமா, ஏழு பட்டம். வெல்டிங் படித்த பிள்ளை படிப்படியாக ஏறிப் பட்டதாரியாகலாம் என்பது இதன் பொருள். நல்ல எண்ணம்; உலகத்தில் பல நாடுகள் ஏற்றுக்கொண்ட வழி.

பிறகு ஏன் பிள்ளை ஒழுங்கையால் சுற்றிப் போகிறான்?

முதற் காரணம், இந்த ஏணி எங்கே இருக்கிறது என்றே வீட்டுக்குத் தெரியாது. பிரதேச செயலகத்தில் மனிதவள அபிவிருத்தி உத்தியோகத்தர் இருக்கிறார். தொழில் வழிகாட்டல் அவருடைய கடமைகளில் ஒன்று. ஆனால் எங்கள் தாய்மார் பிரதேச செயலகத்துக்குப் போவது பிறப்புச் சான்றிதழுக்கும் நிவாரணத்துக்கும்தான். பிள்ளையின் எதிர்காலத்தைக் கேட்க அங்கே ஒரு மேசை இருக்கிறது என்று யாரும் சொல்வதில்லை.

இரண்டாவது, கற்கைநெறிகள் பிள்ளையின் நாட்காட்டியோடு ஒத்துப்போவதில்லை. பரீட்சை முடிந்த மறுவாரம் அவன் எதையும் படிக்க ஆயத்தமாக இருக்கிறான். அப்போது எந்த வகுப்பும் தொடங்குவதில்லை. வகுப்புத் தொடங்கும்போது அவன் யாராவது மாமாவின் கடையில் நிற்கிறான், இல்லையென்றால் கைத்தொலைபேசியோடு மதிலில் இருக்கிறான். மாதத்துக்குக் கிடைக்கும் உதவித்தொகையும் பஸ்ஸுக்கும் மதியச் சாப்பாட்டுக்கும் சரியாகப் போய்விடுகிறது. தகப்பன் இல்லாத வீட்டுப் பிள்ளைக்கு ஒரு வருடம் உழைக்காமல் இருப்பது நினைக்க முடியாத காரியம்.

மூன்றாவது காரணத்தைச் சொல்ல, நான் கண்ணால் கண்ட ஒன்றைச் சொல்ல வேண்டும்.

ஒரு தகரக் கொட்டிலில் கண்டது

வீதியோரம் ஒரு மோட்டார் சைக்கிள் கராஜ். நாலு மரக்கால், மேலே தகரம், தரையெல்லாம் பழைய ஒயில் குடித்துக் கறுத்த மண். என்னுடைய வண்டியைக் கொடுத்துவிட்டு வாங்கில் இருந்தேன். பாஸ் வண்டியை முடுக்கினார். தலையைச் சற்றுச் சரித்தார். நிறுத்திவிட்டு, “ரைமிங் செயின் தளர்ந்திட்டுது அண்ணை” என்றார். எந்தக் கருவியும் இல்லை, காதாலேயே கண்டுபிடித்தார். இருபது வருடத்துக்கு மேற்பட்ட அனுபவம் அது. அவரிடம் ஒரு துண்டுக் கடதாசிகூட இல்லை.

அடுத்த வண்டி புதுவகை. எரிபொருளை இலத்திரனியல் முறையில் பாய்ச்சும் எஞ்சின். அதில் ஒரு விளக்கு எரிந்துகொண்டே இருந்தது. பாஸ் அதைத் தொடவில்லை. அங்கே நின்ற ஒரு பிள்ளையைக் கூப்பிட்டார். தொழிற்பயிற்சி முடித்து, தொழிலிடப் பயிற்சிக்காக வந்து சேர்ந்தவனாம். அவன் ஒரு சிறு கருவியைச் செருகி, கைத்தொலைபேசியில் பிழை இலக்கத்தைப் பார்த்து, எந்தச் சென்சர் என்று சொல்லிவிட்டான். ஆனால் அதைக் கழற்றப் போனபோது கை நடுங்கியது. இறுகிப்போன ஆணியை எந்தப் பக்கம் எவ்வளவு அழுத்திச் சுழற்ற வேண்டும் என்று தெரியவில்லை. பாஸ் பக்கத்தில் வந்து, ஒரு துளி ஒயில் விட்டு, சுத்தியலால் மெதுவாக இரண்டு தட்டுத் தட்டி, “இப்ப திருப்பு” என்றார். ஆணி இளகியது. படித்த இடத்தில் கழற்றிப் பூட்டிய எஞ்சின் எப்போதும் மேசையில் துடைத்து வைத்த எஞ்சின் என்றான் அவன். துருப்பிடித்த ஆணி அங்கே இல்லை.

அந்தக் கொட்டிலில் நின்றபோதுதான் எனக்கு விளங்கியது. தொழிலின் பாதி பாஸிடம் இருக்கிறது, மற்றப் பாதி அந்தப் பிள்ளையிடம் இருக்கிறது. சான்றிதழ் ஒருவரிடம், கை ஒருவரிடம். இரண்டும் அன்று ஒரே தகரத்தின் கீழ் சேர்ந்தது தற்செயல். அந்தத் தற்செயலை ஒழுங்காக்குவதுதான் அரசாங்கப் பயிற்சித் திட்டத்தின் உண்மையான வேலை. கற்கைநெறிகளின் எண்ணிக்கையை ஏற்றுவதால் மட்டும் அது நடக்காது.

நாலாம் நிலைக் கற்கைநெறிகள் பலவற்றில் தொழிலிடப் பயிற்சி கட்டாயம் என்பது உண்மை. ஆனால் ஊர்ப் பட்டறையில் பாஸுக்கு அதனால் என்ன கிடைக்கிறது? பிள்ளைக்குச் சொல்லிக் கொடுக்கும் நேரத்தில் அவருடைய வேலை தடைப்படுகிறது. அந்த நேரத்துக்கு ஒரு சதமும் இல்லை, மதிப்பும் இல்லை. அதனால் பிள்ளை தேத்தண்ணி வாங்கவும் கடையில் சாமான் எடுக்கவும் அனுப்பப்படுகிறான். மாதம் முடிய நாட்குறிப்பேட்டில் கையெழுத்து விழுகிறது. பயிற்சி முடிந்ததாகக் கணக்கு.

2020 மார்ச்சில் வாகன இறக்குமதி நிறுத்தப்பட்டு, 2025இல்தான் மீண்டும் முழுமையாகத் திறந்தது. அந்த ஐந்து வருடமும் நாடே பழைய வாகனத்தைத் திருத்தித் திருத்தி ஓடியது. பட்டறைகளுக்கு மூச்சுவிட நேரமில்லாத காலம் அது. திட்டமிட்டிருந்தால் ஒவ்வொரு கராஜிலும் இரண்டு பிள்ளைகள் முழுத் தொழிலாளியாகி வெளியே வந்திருப்பார்கள். அந்த வாய்ப்பு எங்கள் கையை விட்டுப் போய்விட்டது. இனி வருவது மின்சார வண்டிகளின் காலம். சூரிய மின்கலங்களின் காலம். அடுத்த வாய்ப்பு வாசலில் நிற்கிறது.

பாஸுக்கும் ஒரு கடதாசி

பலருக்குத் தெரியாத ஒரு வழி ஏற்கெனவே சட்டத்தில் இருக்கிறது. வகுப்புக்கே போகாமல், வேலை செய்து தொழில் பழகியவர்களுக்கும் தேசிய தொழில் தகைமைச் சான்றிதழ் கிடைக்கும். முன்கற்றலை அங்கீகரித்தல் என்று இதற்குப் பெயர். அனுபவத்துக்கு ஆதாரம் காட்டி விண்ணப்பித்தால், மதிப்பீட்டாளர் வந்து வேலையைச் செய்யச் சொல்லிப் பார்த்து, தகுதி இருந்தால் மூன்றாம் அல்லது நாலாம் நிலைச் சான்றிதழுக்குச் சிபாரிசு செய்வார். மேசனுக்கும், ஓடாவிக்கும், மின் இணைப்பாளருக்கும், தையற்காரிக்கும், சமையற்காரருக்கும் இது பொருந்தும்.

இதனால் என்ன பயன் என்று கேட்பீர்கள். வங்கியில் கடன் கேட்கும்போது, ஒப்பந்தத்துக்கு விண்ணப்பிக்கும்போது, வெளிநாட்டு வேலைக்குப் போகும்போது அந்தக் கடதாசி பேசும். அதைவிட முக்கியமாக, சான்றிதழ் உள்ள பாஸ் ஆசிரியராகிறார். அவரிடம் பழகும் பிள்ளை எடுபிடி என்ற பெயரிலிருந்து பயிலுநர் என்ற பெயருக்கு உயர்கிறான். “கராஜில நிக்கிறான்” என்று தாய் குரலைத் தாழ்த்திச் சொல்வதற்கும், “மோட்டார் மெக்கானிக் பயிலுநர்” என்று நிமிர்ந்து சொல்வதற்கும் நடுவில் இருப்பது ஒரு பிள்ளையின் வாழ்க்கை.

பெண்பிள்ளைகளின் கணக்கு

உயர்தரத்தில் பெண்பிள்ளைகள்தான் நன்றாகச் சித்தியடைகிறார்கள். வேலை என்று வரும்போது அவர்கள்தான் முதலில் வீட்டுக்குள் திரும்புகிறார்கள். வேலை செய்யும் வயதுப் பெண்களில் தொழிற்படையில் இருப்பவர்கள் இலங்கையில் மூன்றில் ஒரு பங்கை ஒட்டியே இருக்கிறார்கள். பயிற்சி என்று எங்கள் ஊர்களில் அவர்களுக்கு முதலில் நீட்டப்படுவது தையல், கேக் ஐசிங், சிகை அலங்காரம். தையலைக் குறைவாக நான் சொல்லவில்லை. ஒரு தையல் இயந்திரம் ஒரு வீட்டையே தாங்கியதைப் போர்க்காலத்தில் கண்டிருக்கிறோம். ஆனால் ஒரே ஒழுங்கையில் பத்துப் பேர் தைத்தால் யாருக்குத் தைப்பது?

கணக்கில் கெட்டிக்காரியான பிள்ளைக்குக் கட்டட அளவையியல் படிக்கும் வாய்ப்பு வேண்டும். நோயாளர் பராமரிப்பு, மருந்தகம், கணினி வலையமைப்பு, உணவு பதனிடல் என்று எத்தனையோ இருக்கின்றன. பயிற்சி நிலையத்திலிருந்து இருட்ட முன் வீடு திரும்ப ஒரு பஸ் இருக்கிறதா என்பதையும் கற்கைநெறியின் ஒரு பாடமாகவே அதிகாரிகள் எண்ண வேண்டும். கடைசி பஸ்ஸோடு எத்தனை பெண்களின் படிப்பு நின்றிருக்கிறது என்பதற்கு எந்த அலுவலகத்திலும் பதிவேடு கிடையாது.

வெளியே போகும் வழி

இதற்கிடையில் பெரிய கதவு ஒன்று எப்போதும் பாதி திறந்திருக்கிறது. 2022இல், நாடு கடன் கட்ட முடியாது என்று கைவிரித்த ஆண்டில், மூன்று லட்சத்துக்கும் அதிகமானோர் வேலைக்காக வெளிநாடு போனதாகப் பதிவாகியது. அடுத்து வந்த காலத்தில் கனடாவின் விசிட் விசா எங்கள் ஒழுங்கைகளைக் காலி செய்தது. முகவருக்குக் கட்டக் காணி விற்றவர்கள், காசும் போய்ப் பிள்ளையும் நடுவழியில் நின்றவர்கள் எல்லா ஊரிலும் இருக்கிறார்கள்.

போகிறவனைத் தடுக்கும் உரிமை எனக்கில்லை. வெளியே போன பிள்ளைகள் அனுப்பிய காசில்தான் நாங்கள் பல வருடம் உயிர் வைத்திருந்தோம். ஆனால் கையில் தொழிலோடு போகிறவனும் வெறுங்கையோடு போகிறவனும் ஒரே இடத்துக்குப் போவதில்லை. மின் இணைப்பாளன் என்ற தகைமையோடு இறங்கியவனுக்கு ஊதியம் வேறு, மதிப்பு வேறு. திரும்பி வந்தாலும் அவன் ஒரு பட்டறை போடுவான். ஆகையால் இருப்பதற்கும் தொழில் வேண்டும், போவதற்கும் தொழில் வேண்டும்.

அரச வேலையை மட்டும் நம்பி நிற்பது எங்கே கொண்டுபோய் விடும் என்பதற்கு 2017 சாட்சி. பட்டம் பெற்ற பிள்ளைகள் யாழ்ப்பாண மாவட்ட செயலகத்துக்கு முன்னால் மாதக்கணக்கில் பந்தல் போட்டுக் குந்தியிருந்தார்கள். அவர்களுடைய கோரிக்கை நியாயமானது. படிப்பித்த அரசு பதில் சொல்லத்தான் வேண்டும். ஆனால் இருபத்தாறு, இருபத்தேழு வயது வரை ஒரே ஒரு கதவைத் தட்டும்படி அவர்களை வளர்த்தோமே, அதற்கு நாங்களும் பதில் சொல்ல வேண்டும்.

கூப்பிடு தூரத்தில் ஒரு முன்மாதிரி

தொழிற்பயிற்சி எப்படி இருக்க வேண்டும் என்பதற்கு நாங்கள் ஜேர்மனி வரை போக வேண்டியதில்லை. பக்கத்து ஊரான மானிப்பாயில், 1848இல், அமெரிக்க மிஷன் வைத்தியர் சாமுவேல் கிறீன் உள்ளூர் இளைஞர்களுக்கு மேனாட்டு வைத்தியம் படிப்பிக்கத் தொடங்கினார். கொழும்பு மருத்துவப் பாடசாலை தொடங்கியது 1870இல். அதற்கு இருபது வருடங்களுக்கு முன்பே எங்கள் பக்கத்துக் கிராமத்தில் வைத்தியர்கள் உருவாகிக்கொண்டிருந்தார்கள்.

அவர் படிப்பித்த முறையைக் கவனியுங்கள். நோயாளி இருக்கும் இடத்திலேயே வகுப்பு. புண்ணுக்கு மருந்து கட்டி, பிறகு அதைப் பற்றிப் படிப்பது. முதலில் ஆங்கிலத்தில் படிப்பித்தவர், ஆங்கிலம் படித்தவர்கள் ஊரைவிட்டு உத்தியோகத்துக்குப் போகக் கண்டு, 1860களில் தமிழுக்கு மாறினார். இரணவைத்தியம், மனுஷ அங்காதிபாதம் என்று பாடநூல்களைத் தமிழில் ஆக்கினார். அறுபதுக்கும் மேற்பட்ட வைத்தியர்கள் அவரிடம் பழகினார்கள்; பலர் ஊர்களில் தங்கித் தொழில் செய்தார்கள்.

வேலை நடக்கும் இடத்தில் பயிற்சி. பிள்ளையின் மொழியில் பாடம். முடித்தவனுக்குத் தன் ஊரிலேயே தொழில். நூற்றெழுபது வருடங்களுக்கு முன் இந்த மூன்றும் ஒரு தனி மனிதரால் முடிந்தது. நாலைந்து அதிகாரசபைகள் உள்ள ஒரு நாட்டுக்கு இது முடியாது என்று நான் நம்பமாட்டேன்.

செய்யக்கூடியவை

பெரிய சட்டம் எதுவும் வேண்டாம். சண்டிலிப்பாய் போன்ற ஒரு பிரதேசத்திலேயே தொடங்கக்கூடியவற்றைச் சொல்கிறேன்.

பரீட்சை முடிந்த மறுவாரமே, பெறுபேற்றுக்குக் காத்திராமல், பள்ளிக்கூட மண்டபத்தில் எல்லாப் பயிற்சி நிறுவனங்களும் மேசை போட வேண்டும். தாய் தகப்பனும் வர வேண்டும். காத்திருக்கும் அந்த மாதங்களில் ஒரு அடிப்படைத் தொழிற்பயிற்சியை முடித்துக்கொண்டு, கம்பஸ் கிடைத்தால் பிள்ளை கம்பஸுக்குப் போகட்டும். கற்ற தொழில் யாருக்கும் பாரமாகாது.

பயிலுநரை ஏற்கும் பட்டறைக்காரருக்கு அரசு ஒரு தொகை கொடுக்க வேண்டும். சொல்லிக் கொடுப்பதும் ஒரு வேலை. அதற்கும் கூலி உண்டு. கற்கைநெறி முடியும் அன்று சான்றிதழோடு ஒரு கருவிப்பெட்டியும் கொடுக்க வேண்டும். ஸ்பனர் இல்லாத மெக்கானிக்கும், மட்டக்கோலும் சாந்தகப்பையும் இல்லாத மேசனும் அடுத்த நாள் காலை எதை எடுத்துக்கொண்டு வேலைக்குப் போவார்கள்?

வருடத்துக்கு ஒருமுறையாவது பிரதேச செயலகத்தில் முன்கற்றலை அங்கீகரிக்கும் முகாம் நடத்தி, ஊரின் பாஸ்மாருக்கெல்லாம் சான்றிதழ் பெற வழி செய்ய வேண்டும். ஒவ்வொரு பயிற்சி நிலையமும் தன் வாசலில் ஒரே ஒரு கணக்கை எழுதிப் போட வேண்டும்: போன வருடம் முடித்தவர்களில் எத்தனை பேர் இன்று அதே தொழிலில் இருக்கிறார்கள்? சேர்ந்தவர் தொகையைப் பார்த்தே இதுவரை திட்டங்களைப் புகழ்ந்து வந்திருக்கிறோம். நிலைத்தவர் தொகைதான் உண்மையைச் சொல்லும்.

பழைய மாணவர் சங்கங்களுக்கும் புலம்பெயர்ந்த ஊர்ச் சங்கங்களுக்கும் ஒரு வேண்டுகோள். மூன்று ஏ எடுத்த பிள்ளையைப் பரிசளிப்பு விழாவில் மேடையேற்றுகிறீர்கள். நல்லது. அதே மேடையில், அதே மாலையோடு, நாலாம் நிலைத் தகைமை எடுத்த பிள்ளையையும் ஏற்றுங்கள். தம்பி தங்கைகள் கீழே இருந்து பார்த்துக்கொண்டிருக்கிறார்கள். எது மதிப்பு என்பதை அவர்கள் மேடையைப் பார்த்துத்தான் படிக்கிறார்கள்.

என்னுடைய வண்டி அன்று சரியாகிவிட்டது. காசைக் கொடுக்கும்போது அந்தப் பிள்ளை ஒரு பழைய அப்பியாசக் கொப்பியைத் திறந்து எழுதிக்கொண்டிருந்தான். எட்டிப் பார்த்தேன். சென்சரின் பிழை இலக்கம், அதன் கீழே, “ஆணி இறுகினால் முதலில் ஒயில், பிறகு இரண்டு தட்டு” என்று இருந்தது. யாரும் அவனை எழுதச் சொல்லவில்லை. பாஸ் அதைக் கண்டும் காணாதவர் போல அடுத்த வண்டியைத் தள்ளிக்கொண்டு உள்ளே வந்தார். பிறகு திரும்பி, “அதில சுத்தியல் எண்டு போடாதை, மரச்சுத்தியல் எண்டு எழுது” என்றார். அவன் வெட்டித் திருத்தி எழுதினான்.